'ரோஜர்' சொன்னால் போதாது: ரேடியோவில் தப்பாகக் கேட்காமல் இருக்க

விமானம் ஓட்டக் கற்றுக்கொள்பவர்களில் பலருக்கு ஓட்டுவதைவிட ரேடியோவில் பேசத்தான் அதிக பயம். எங்கே உளறிவிடுவோமோ என்று. உளறினால் பரவாயில்லை, கோபுரத்தில் இருந்து விமானங்களை வழிநடத்தும் கன்ட்ரோலர் திருப்பிக் கேட்பார். ஆபத்து காதில்தான் இருக்கிறது, ஏனென்றால் நாம் எதை எதிர்பார்த்துக் காத்திருக்கிறோமோ அதுவே காதில் விழும்.

முதலில் மைக் பட்டன், அதை அமுக்கினால்தான் பேச்சு வெளியே போகும். ஒரு அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். அலைவரிசை மாற்றியதுமே பேசத் தொடங்காமல், வேறு யாராவது பேசுகிறார்களா என்று கொஞ்சம் கேளுங்கள். என்ன சொல்லப்போகிறோம் என்று மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு, பட்டனை அமுக்கி, அரை நொடி விட்டு, அப்புறம் பேசுங்கள். அமுக்கும்போதே பேசினால் முதல் அசை போய்விடும், அது பெரும்பாலும் கால்சைனாக, அதாவது விமானத்தின் ரேடியோ பெயராக இருக்கும், பேசியது எந்த விமானம் என்றே தெரியாது.

இரண்டு பேர் ஒரே நேரத்தில் அமுக்கினால் மற்றவர்களுக்கு வெறும் கீச்சொலிதான் கேட்கும், அமுக்கிய இருவருக்கும் அதுவும் தெரியாது. 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனெரிஃப் தீவில் மூடுபனிக்குள் நடந்தது இதுதான். கேஎல்எம் விமானத்திடம் கோபுரம் 'ஓகே' என்று சொல்லி, ஒரு சின்ன இடைவெளி விட்டு, 'காத்திருங்கள், நான் கூப்பிடுகிறேன்' என்றது. அதே நொடியில் பான் ஆம் விமானம் 'நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம்' என்று சொல்ல, கேஎல்எம் காக்பிட்டில் தெளிவாகக் கேட்டது 'ஓகே' மட்டும், மிச்சமெல்லாம் கீச். கேஎல்எம் புறப்பட ஓடத் தொடங்கி பான் ஆம் மீது மோத, 583 பேர் இறந்தார்கள். 'டேக்-ஆஃப்' என்ற சொல்லை அனுமதி கொடுக்கவும் அதை ரத்து செய்யவும் மட்டுமே பயன்படுத்த வேண்டும், மற்ற நேரங்களில் 'டிபார்ச்சர்' என்றுதான் சொல்ல வேண்டும் என்ற விதி அதற்கப்புறம் வந்தது. நீங்களும் அப்படியே பழகுங்கள்.

அடுத்தது ரீட்பேக், அதாவது கேட்டதைத் திருப்பிச் சொல்வது. ஓடுபாதை எண், உயரம், திசை, வேகம், ஆல்டிமீட்டர் (உயரமானி) அமைப்பு, டிரான்ஸ்பாண்டர் (ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் கருவி) குறியீடு, ஓடுபாதைக்குள் நுழையவோ கடக்கவோ அதற்கு முன்னால் நிற்கவோ சொன்னது, எல்லாவற்றையும் கால்சைனோடு சேர்த்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். வெறும் 'ரோஜர்' என்றால் 'நீங்கள் சொன்னது காதில் விழுந்தது' என்று மட்டும்தான் பொருள், சரி என்றோ செய்கிறேன் என்றோ அதற்கு அர்த்தமே கிடையாது. செய்கிறேன் என்பதற்கு 'வில்கோ', ஆமாம் என்பதற்கு 'அஃபர்ம்', முடியாது என்பதற்கு 'அனேபிள்'. இந்தக் கடைசிச் சொல்லைச் சொல்லப் புதியவர்கள் ரொம்பவும் கூச்சப்படுகிறார்கள், படவே கூடாது.

திருப்பிச் சொல்லிவிட்டோம், மறுப்பு வரவில்லை, அப்படியென்றால் சரிதான் என்றும் இருந்துவிடாதீர்கள். 1989-இல் கோலாலம்பூர் சுபாங்கில் இறங்க வந்த ஃப்ளையிங் டைகர் சரக்கு விமானத்திடம் 2,400 அடிக்கு இறங்கச் சொன்னார்கள். 'டூ ஃபோர் ஜீரோ ஜீரோ' என்றதில் முதல் 'டூ'வை எண்ணாக (two) எடுத்துக்கொள்ளாமல் 'to' என்று எடுத்து, '400-க்கு' என்று புரிந்துகொண்டு, 'ஓகே, ஃபோர் ஜீரோ ஜீரோ' என்று பதில் சொன்னார்கள். கோபுரம் அதைப் பிடிக்கவில்லை. விமானம் மலையில் மோதியது, நான்கு பேரும் இறந்தார்கள். இலக்கத்தை மட்டும் ஒப்பிக்காமல் 'ஆல்டிடியூட்' என்ற சொல்லையும், கடைசியில் 'ஃபீட்' என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், கேட்ட உயரத்தை வரைபடத்தில் உள்ள குறைந்தபட்ச உயரத்தோடு ஒப்பிட்டும் பாருங்கள்.

சந்தேகம் வந்தால் பக்கத்து இருக்கையில் இருப்பவரிடம் 'அவர் என்ன சொன்னார்?' என்று கேட்டு முடிவு செய்யாதீர்கள், ஒருவரின் ஊகம் இருவரின் ஊகமாகும், அவ்வளவுதான். கோபுரத்திடமே 'சே அகெய்ன்' (மறுபடி சொல்லுங்கள்) என்று கேளுங்கள். உங்கள் கால்சைனைப் போலவே ஒலிக்கும் இன்னொரு விமானம் அலைவரிசையில் இருந்தால் கட்டாயம் கேளுங்கள், அவருக்குச் சொன்னதை நீங்கள் செய்துவிடக்கூடும்.

ஆபத்து என்றால் நாசூக்கு வேண்டாம். 1990-இல் நியூயார்க் அருகே எரிபொருள் தீர்ந்து விழுந்த அவியான்கா 52 என்ற விமானம், 'முன்னுரிமை' கேட்டது, எரிபொருள் தீர்கிறது என்றும் சொன்னது, ஆனால் 'எமர்ஜென்சி' என்ற சொல் மட்டும் கோபுரத்தின் காதுக்குப் போகவே இல்லை. 73 பேர் போனார்கள். இப்போதெல்லாம் அதற்கென்றே 'மேடே ஃப்யூல்' என்ற சொல் இருக்கிறது, உயிராபத்து அழைப்பான 'மேடே'யை மூன்று முறை சொல்லித் தொடங்குங்கள்.

அலைவரிசை திடீரென்று வழக்கத்துக்கு மாறாக அமைதியாகிவிட்டால் முதலில் உங்கள் மைக் பட்டன் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள், சிக்கியிருந்தால் எல்லோர் வாயையும் அடைத்துக்கொண்டிருப்பது நீங்கள்தான். ரேடியோவே செத்துவிட்டது என்றால் டிரான்ஸ்பாண்டரில் 7600 (ரேடியோ பழுது என்பதற்கான குறியீடு) போட்டுவிட்டு கோபுரத்தின் விளக்கைக் கவனியுங்கள்: அணையாத பச்சை என்றால் இறங்கலாம், அணையாத சிவப்பு என்றால் மற்றவருக்கு வழிவிட்டுச் சுற்றிக்கொண்டே இருங்கள்.