ஆரல்வாய்மொழியிலிருந்து சர்மியெந்தோவுக்கு

கன்னியாகுமரி மாவட்டத்து முப்பந்தலில் இருபத்தேழு வருடம் காற்றாலை, எங்கள் பேச்சில் காத்தாடி, பராமரிப்பு வேலை பார்த்தவன் நான். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாய்கிற காற்றைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். இதைவிடப் பெரிய காற்று வருடம் முழுக்க அடிக்கிற ஊரில் மனிதர்கள் எப்படிக் குடியிருக்கிறார்கள் என்று பார்த்துவிட வேண்டும் என்பது பல நாள் ஆசை. ஓய்வு பெற்றதும் மனைவியோடு அர்ஜென்டினா போய், அதன் தென்பகுதியான படகோனியாவின் புல்வெளி நடுவில் இருக்கிற சர்மியெந்தோ என்ற சிற்றூரில் ஐந்து நாள் தங்கிவிட்டு வந்தேன். எப்படிப் போனீர்கள், என்ன கொண்டுபோக வேண்டும் என்று தெருவில் ஆளாளுக்குக் கேட்பதால் எழுதுகிறேன்.

படகோனியா என்றால் பலரும் பனிப்பாறையைத்தான் நினைக்கிறார்கள். அது தெற்கே, ஆண்டிஸ் மலையை ஒட்டி இருக்கிறது. சர்மியெந்தோ சுபுத் மாகாணத்தில் மலைக்குக் கிழக்கே கிடக்கிற வறண்ட சமவெளியில் இருக்கிறது. ஏன் வறண்டது என்பதை நம் மாவட்டத்துக்காரருக்கு விளக்கவே வேண்டாம். தென்மேற்குப் பருவக்காற்று குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, கணவாயைத் தாண்டிப் பணகுடி, வள்ளியூருக்கு வெறுங்காற்றாகப் போகிறதல்லவா? அதேதான் அங்கேயும். பசிபிக் கடலிலிருந்து வருகிற மேல்காற்று சிலி நாட்டுப் பக்கத்திலேயே மழையை இறக்கிவிடுகிறது. சர்மியெந்தோவில் ஒரு வருடத்து மழை 200 மில்லிமீட்டரைக்கூட எட்டாது. நம் காற்று ஒரு பருவத்தில்தான் வீசும், அங்கே வருடம் முழுக்க வீசும். வித்தியாசம் அவ்வளவுதான்.

அங்கே டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கோடை. எல்லாரும் அப்போதுதான் போகச் சொல்வார்கள். ஆனால் காற்று மிகக் கடுமையாக இருப்பதும் வசந்தத்திலும் கோடையிலும்தான். நாங்கள் மார்ச்சில் போனோம். பகலில் 20 டிகிரியை ஒட்டி இருந்தது, விடியற்காலையில் ஏழெட்டு. காற்றும் கொஞ்சம் தணிந்திருந்தது. முதல் தடவை போகிறவர்களுக்கு நான் மார்ச்சைத்தான் சொல்வேன்.

முதலில் காகித வேலை. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டும். தூதரகம் டெல்லியில், துணைத் தூதரகம் மும்பையில். அமெரிக்க விசா கையில் வைத்திருப்பவர்களுக்குச் சலுகை உண்டு, அன்றைய விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். இதைவிட முக்கியமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. நீங்கள் போகிற புல்வெளியில் அந்த நோய் இல்லை. ஆனாலும் அர்ஜென்டினா, வழியில் நாங்கள் இறங்கிய பிரேசில் இரண்டும் இந்தியாவின் மஞ்சள் காய்ச்சல் நாடுகள் பட்டியலில் இருக்கின்றன. சான்றிதழ் இல்லாமல் திரும்பி வந்தால் விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு விடாமல் ஆறு நாள் வரை தனிமைப்படுத்த முடியும். பயணத்துக்குப் பத்து நாளுக்கு முன்பே போட்டிருந்தால்தான் சான்றிதழ் செல்லும். நாங்கள் சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொண்டோம். வண்டி ஓட்ட நினைப்பவர்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வாங்க வேண்டும். அங்கே சாலையின் வலது பக்கம் ஓட்ட வேண்டும் என்பதை மனதில் பதித்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் திருவனந்தபுரத்தில் ஏறி, வளைகுடாவில் ஒரு தடவை, பிரேசிலில் ஒரு தடவை இறங்கி, புவெனஸ் அயர்ஸ் போனோம். அங்கே இரண்டு விமான நிலையங்கள். வெளிநாட்டு விமானம் ஊருக்கு வெளியே எசெய்சாவில் இறங்கும். உள்நாட்டு விமானங்கள் பெரும்பாலும் நகரத்துக்குள் இருக்கிற ஏரோபார்க்கேயிலிருந்து கிளம்பும். நடுவில் முழு நகரத்தையும் தாண்ட வேண்டும். அன்றே மாறிப் போகாமல் ஓர் இரவு தங்கிவிடுவதுதான் நல்லது. நம் நேரத்துக்கு எட்டரை மணி பின்னால் இருக்கிற ஊர், உடம்பும் தூக்கத்தைக் கேட்கும்.

அங்கிருந்து கொமோதோரோ ரிவதாவியாவுக்கு இரண்டரை மணி நேரம் பறக்க வேண்டும். 1907 டிசம்பர் 13 அன்று குடிதண்ணீருக்குத் துளை போட்டபோது எண்ணெய் கிடைத்த ஊர் அது. சர்மியெந்தோ அதற்கு மேற்கே 150 கிலோமீட்டர். 26-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, நல்ல தார்ச்சாலை. பஸ்ஸும் உண்டு. சாலையின் இரண்டு பக்கமும் எண்ணெய் இறைக்கும் பொறிகள் தலையை ஆட்டிக்கொண்டே இருக்கும். அவற்றை அந்த ஊர்க்காரர்கள் நாரை என்கிறார்கள். கொமோதோரோவிலேயே டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள். தேவையான பெசோவையும் (அந்த நாட்டுப் பணம்) அங்கேயே எடுத்துக்கொள்ளுங்கள், சின்ன ஊர் ஏ.டி.எம்.மை நம்பக் கூடாது. வழியில் குவானக்கோ என்ற ஒட்டக இனத்து விலங்குகள் வேலியைத் தாண்டிச் சட்டென்று சாலைக்கு வந்துவிடும். இருட்டுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடுங்கள்.

இப்போது காற்றுக்கு வருகிறேன். நம் காத்தாடிகள் நொடிக்கு 25 மீட்டர், அதாவது மணிக்கு 90 கிலோமீட்டர் வந்தால் பாதுகாப்புக்காகத் தானே நின்றுவிடும். அங்கே அந்த வேகத்தில் வீசும்போதும் ஜனங்கள் தலையைக் குனிந்துகொண்டு ரொட்டி வாங்கப் போகிறார்கள். வாடகைக் கார் எடுத்த இடத்தில் எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. முதல் நாள் பெட்ரோல் பங்கில், பின்னாலிருந்து அடித்த காற்றில் என் கையிலிருந்த கதவு பிய்த்துக்கொண்டு திறந்து கீல் வளைந்துவிட்டது. காற்றால் கதவுக்கு வரும் சேதத்துக்குக் காப்பீடு கிடையாது என்று பத்திரத்தில் சின்ன எழுத்தில் இருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். அதனால் மூன்று விஷயம் சொல்கிறேன். காரின் முகம் காற்றைப் பார்க்கும்படி நிறுத்துங்கள், அப்போது காற்றே கதவைத் தள்ளி மூடும். இரண்டு பக்கக் கதவையும் ஒரே நேரத்தில் திறக்காதீர்கள், உள்ளே இருக்கிற காகிதம் எல்லாம் வயலுக்குப் போய்விடும். கதவைத் திறக்கும்போது ஒரு கை எப்போதும் கதவில் இருக்கட்டும்.

காற்று பொதுவாகக் காலையில் அடங்கி, மதியத்துக்கு மேல் ஏறும். நாங்கள் காத்தாடி மேலே ஏறுகிற வேலையை எல்லாம் விடியற்காலையில் முடிப்போம், அந்தக் கணக்கு இங்கேயும் பொருந்தியது. வெளியே பார்க்க வேண்டியதை எல்லாம் பதினோரு மணிக்குள் பாருங்கள். குடை வேண்டாம். காற்றுப் புகாத மேலங்கி, காதை மூடும் தொப்பி, உதட்டுக்குத் தடவக் களிம்பு, தூசிக்குக் கண்ணாடி, இவை போதும். சேலையைப் பெட்டியில் வைத்துவிட்டு என் மனைவி ஐந்து நாளும் சுடிதாரில்தான் இருந்தாள்.

ஊரைச் சுற்றிலும் வீட்டுக்கு வீடு பாப்லர் மரங்களை நெருக்கமாக வரிசை நட்டிருக்கிறார்கள். நம் கடற்கரையில் சவுக்கு போல. அந்த வரிசைக்குப் பின்னால் நின்றால் காற்று சட்டென்று விட்டுவிடும், செர்ரி மரமும் புல்லும் பச்சையாகத் தெரியும். செங்கேர் ஆறு தருகிற தண்ணீர் அது. அந்த ஆறு முஸ்தெர்ஸ் ஏரியில் விழுகிறது. கொமோதோரோவுக்குக் குடிதண்ணீர் குழாயில் போவது அந்த ஏரியிலிருந்துதான். அடுத்திருக்கும் கொல்வே வாபி ஏரி பெரும்பாலும் வற்றிவிட்டது, அதன் தரை காற்றில் புழுதியாகக் கிளம்புகிறது. ஒரு காலை அதன் பக்கம் நின்றபோது எனக்கு நம் குளங்கள்தான் நினைவுக்கு வந்தன. நெஞ்சு கனத்தது.

ஊரிலிருந்து தெற்கே 30 கிலோமீட்டர் தள்ளிக் கல்மரக் காடு இருக்கிறது. சரளைச் சாலை. மெதுவாகப் போங்கள், மழை பெய்த நாளில் போகாதீர்கள், களிமண் வழுக்கும். ஆறரைக் கோடி வருடத்துக்கு முந்தைய மரங்கள். ஆண்டிஸ் அப்போது இந்த உயரத்துக்கு எழவில்லை, பசிபிக்கின் ஈரக்காற்று தடையில்லாமல் வந்து மழை பெய்து, இங்கே ஊசியிலைக் காடும் பனைகளும் இருந்தன. விழுந்த மரங்களுக்குள் மணற்சத்துக் கரைந்த நீர் ஊறி, மரம் அப்படியே கல்லானது. விழுப்புரம் பக்கம் திருவக்கரையில் கல்மரம் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் இங்கே தரை முழுக்கச் சிராய்கள் கிடக்கின்றன, யாரோ நேற்று விறகு வெட்டிப் போட்டது போல. கையில் எடுத்தால் கனம், தட்டினால் கிண்ணென்று சத்தம். ஒரு துண்டுகூடப் பையில் போடக் கூடாது, சட்டப்படி குற்றம். என் மனைவி குனிந்து ஒரு மரத்தின் வளையங்களை எண்ணத் தொடங்கி நாற்பதைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள். அரை மணி நேரம் நான் அவளை அவசரப்படுத்தவில்லை. அந்த நடைபாதைக்கு இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

சாப்பாடு விஷயம். அது ஆட்டுக்கறி நாடு. குட்டியைச் சிலுவைக் கம்பியில் விரித்து நெருப்போரம் நட்டு மணிக்கணக்கில் வாட்டுவார்கள், உப்பு மட்டும்தான், அருமையாக இருக்கும். சைவம் சாப்பிடுகிறவர்கள் 'சின் கார்னே' (கறி இல்லாமல்) என்று மட்டும் சொன்னால் கோழியோ பன்றித் தொடையோ வந்து நிற்கும். ஆகவே 'சின் போஷோ, சின் ஹாமோன்' என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். மதியம் ஒரு மணி வாக்கில் கடைகளை மூடிவிட்டு நாலு, ஐந்துக்குத்தான் திறப்பார்கள், இரவுச் சாப்பாடு ஒன்பதுக்கு மேல். இடையில் பசிக்கும். நாங்கள் கொண்டுபோன முந்திரிக்கொத்து அதற்குத்தான் உதவியது. வாரக்கணக்கில் கெடாது. சுங்கத்தில் படிவத்தில் எழுதிக் காட்டிவிட்டோம். பச்சைப் பழம், விதை எதையும் எடுத்துப் போகாதீர்கள். பழ ஈ வராமல் இருக்கப் படகோனியா எல்லையில் தனியாகவே சோதனை வைத்திருக்கிறார்கள்.

தங்கிய வீட்டு அம்மா தினமும் சாயங்காலம் மாத்தே என்கிற இலைக் கஷாயம் கொடுத்தார். ஒரே குடுக்கை, ஒரே உறிஞ்சி, சுற்றி எல்லாரும் அதில்தான் குடிப்பார்கள். உறிஞ்சியைத் தொட்டுக் கலக்கக் கூடாது. குடித்து முடித்துத் திருப்பிக் கொடுங்கள், அடுத்தவருக்கு ஊற்றுவார். 'கிராசியாஸ்' என்று நன்றி சொன்னால், இனி வேண்டாம் என்று அர்த்தம். முதல் நாள் நான் மரியாதைக்கு நன்றி சொல்லப்போய் அடுத்த சுற்று எனக்கு வரவே இல்லை. பிறகு அவரே சைகையில் விளக்கினார். நாங்கள் கொடுத்த முந்திரிக்கொத்தை அவர் மாத்தேயோடு கடித்துத் தின்றுவிட்டு, உள்ளே இருப்பது பயறா என்று படம் வரைந்து கேட்டார்.

திரும்பும்போது கொமோதோரோ விமானத்துக்கும் நாடு திரும்பும் விமானத்துக்கும் நடுவில் ஒரு முழு நாள் விடுங்கள். காற்று அதிகமானால் அங்கே விமானம் இறங்காமல் போய்விடும், எங்களுக்கும் ஒரு நாள் போனது. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் அட்டை பெட்டிக்குள் வேண்டாம், கைப்பையில் இருக்கட்டும். திருவனந்தபுரத்தில் இறங்கியதும் முதலில் அதைத்தான் கேட்டார்கள்.