ஈரச் சாலை இறக்கத்தில் சைக்கிள் பிரேக்

மழையிலோ பனிமூட்டத்திலோ உதகையிலிருந்து குன்னூர்ப் பக்கம் சைக்கிளில் வேலைக்கு இறங்குபவர்கள், வளைவுக்குச் சற்று முன்பே, சக்கரம் மூன்று நான்கு சுற்று சுற்றும் வரை இரு பிரேக்குகளையும் மெல்லப் பிடித்து விட்டுவிட வேண்டும்.

ரிம்மில் படிந்த நீர், ரப்பர்க் கட்டைக்கும் உலோகத்துக்கும் நடுவே எண்ணெய் போல நின்று வழுக்குவதால், முதல் அழுத்தம் அதை வழித்தெடுப்பதிலேயே கழிந்துவிடுகிறது. அதன் பிறகுதான் பிடி கிடைக்கும். ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலிருந்து 1,850 மீட்டருக்குப் பெரும்பாலும் இறக்கமாகவே செல்லும் சாலையில், அந்தத் தாமதத்துக்குள் சைக்கிள் வளைவுக்குள்ளேயே போய்விடும். வீடு சேர்ந்ததும் ரிம்மில் கறுப்பாக அப்பியிருக்கும் சேற்றுப் பசையை ஈரத்துணியால் துடைத்து, கட்டையில் பதிந்த பொடிக்கல்லை ஊசியால் நெம்பி எடுத்துவிட்டால் (இதைத்தான் பலர் விட்டுவிடுகிறோம்) ரிம்மும் சீக்கிரம் தேயாது, கட்டையும் நெடுநாள் வரும்.

டிஸ்க் பிரேக் உள்ள சைக்கிளுக்கு இப்படி முன்பே பிடித்து விடுவது அவ்வளவாகத் தேவைப்படாது. ஈரமில்லாத நாளில் இறக்கம் முழுவதும் பிரேக்கைப் பிடித்தபடியே வருவது வேறு. அதனால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கக்கூடும்.