இ.டி.எம். மின்பொறி ஒன்று எவ்வளவு எஃகை உருக்கும்? கணினியில் கணக்கிடும் முறை

மின்பொறிகளால் உலோகத்தை உருக்கி அகற்றும், மின்பொறி அரிப்பு எனப்படும் இ.டி.எம். முறையில் நொடிக்கு ஆயிரக்கணக்கான பொறிகள் எண்ணெய்க்குள் பாய்ந்தாலும், மாதிரியாக்கத்துக்கு ஒரே ஒரு பொறியை எடுத்துக்கொண்டால் போதும். பொறியை வட்டமாகக் கொள்வதால், ஆரம், ஆழம் என்ற இரு திசைகளில் மட்டும் வெப்பக் கடத்தல் சமன்பாட்டைத் தீர்க்கலாம். பைத்தான் நிரல்மொழியும் அதன் எண்கணக்குத் தொகுப்பான நம்பையும் (NumPy) இதற்குத் தாராளம்.

நிரல் எழுத உட்காரும் முன் வெப்பத்தின் அளவைக் கையால் கணக்கிடுங்கள். 25 வோல்ட், 10 ஆம்பியர் என்றால் திறன் 250 வாட். அதில் எதிர்மின்முனைக்குள் செல்லும் பங்கை டிபிட்டோண்டோவும் உடன் ஆய்வாளர்களும் 1989-இல் 18.3 விழுக்காடு என்று கொண்டனர். எஃகு அந்த முனையில் இருந்தால் அதற்குக் கிடைப்பது சுமார் 46 வாட்தான். பொறியின் ஆரத்துக்கு இகாய், ஹாஷிகுச்சி என்ற ஆய்வாளர்கள் இருவரின் சூத்திரம் உண்டு: மின்னோட்டத்தின் 0.43 அடுக்கு, துடிப்பு நேரத்தின் (ஒரு பொறிக்கு மின்னோட்டம் பாயும் நேரம்) 0.44 அடுக்கு, 0.00204 ஆகிய மூன்றையும் பெருக்கினால் ஆரம் மீட்டரில் கிடைக்கும். 100 மைக்ரோநொடித் துடிப்புக்கு அது ஏறத்தாழ 95 மைக்ரோமீட்டர். நேரத்தை நொடியில் இடாமல் மைக்ரோநொடியிலேயே இட்டால் ஆரம் 4 சென்டிமீட்டராகிவிடும்!

வெப்பத்தைக் காஸியன் பரவலாக, அதாவது நடுவில் மிகுந்து விளிம்பை நோக்கிக் குறையும்படி, மேற்பரப்பில் செலுத்துங்கள்; மையத்தில் அது சதுர மீட்டருக்கு சுமார் 730 கோடி வாட். பொறியின் மைய அச்சின் குறுக்கே வெப்பப் பாய்வு சுழி. தொலைவான எல்லைகள் அறை வெப்பநிலையில் இருக்கட்டும். எண்ணெய் வழியே ஆகும் இழப்பு இந்தக் குறுகிய நேரத்தில் பொருட்டல்ல.

அந்த 100 மைக்ரோநொடியில் எஃகுக்குள் வெப்பம் பரவும் தூரம் 26 மைக்ரோமீட்டர் அளவுதான் என்பதால், கணக்குக்காக எஃகைப் பிரிக்கும் கட்டங்கள் 2 மைக்ரோமீட்டருக்கு மிகக்கூடாது. முந்தைய படியின் வெப்பநிலையிலிருந்தே அடுத்ததை நேரடியாகக் கணக்கிடும் வெளிப்படை முறையில் காலப்படியை 0.05 மைக்ரோநொடியாக வையுங்கள். அச்சருகே உள்ள கட்டங்களில் நிலைத்தன்மை வரம்பு, அதாவது தாண்டினால் கணக்கு சிதறிவிடும் காலப்படி, 0.1 மைக்ரோநொடியை ஒட்டியே வருகிறது. உருகுவதற்கே செலவாகும் உள்ளுறை வெப்பத்தை உருகுநிலையைச் சுற்றி 50 டிகிரி இடைவெளியில் பகிர்ந்து தன்வெப்பத்தோடு கூட்டுங்கள். இடைவெளி மிகக் குறுகினால் கணக்கு ஒரே படியில் அதைத் தாண்டிக் குதித்துவிடும்.

துடிப்பு முடிந்ததும் உருகுநிலையைக் கடந்த கட்டங்களின் வளையக் கனஅளவுகளைக் கூட்டினால் பொறி உண்டாக்கும் குழியின் அளவு கிடைக்கும். இங்கே ஒரு சோதனை அவசியம். உள்ளே சென்ற ஆற்றல் 4.6 மில்லிஜூல், அது முழுவதும் உருக்கவே செலவானாலும் சுமார் 5 லட்சம் கன மைக்ரோமீட்டர் எஃகுக்கு மேல் உருகாது. விடை அதைத் தாண்டினால் நிரலில்தான் பிழை.

பொருள் நீக்க வீதத்துக்குக் குழியின் கனஅளவைத் துடிப்பு நேரமும் அடுத்த துடிப்பு வரையிலான இடைவேளையும் சேர்ந்த நேரத்தால் வகுங்கள். உருகியதில் ஒரு பகுதி வெளியேறாமல் குழியிலேயே உறைந்து வெள்ளைப் படலமாகிவிடுவதால், இந்த எண் இயந்திரத்தில் அளந்ததைவிடக் கூடுதலாகவே இருக்கும். அப்போது கட்டங்களை மேலும் நுணுக்கிக்கொண்டே போவதில் பயனில்லை. வெப்பப் பங்கையும் பொறியின் ஆரத்தையும் சற்றே மாற்றிப் பாருங்கள். விடையை ஆட்டிவைப்பவை அந்த இரண்டும்தான்.