ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வழுக்காமல் கியர் மாற என்ன செய்யலாம்? ஆயில் முதல் ஷிஃப்ட் கிட் வரை

சேலத்திலிருந்து தொப்பூர் கணவாய் ஏறும்போதோ, ஒகேனக்கலில் இருந்து பென்னாகரம் மலைப்பாதையில் திரும்பும்போதோ சில ஆட்டோமேட்டிக் வண்டிகள் கியர் மாறுகிற நேரத்தில் இன்ஜினை ஒரு கணம் அலறவிட்டு, அப்புறம்தான் பிடிக்கும். அந்த ஒரு கணத்தில்தான் கியர்பாக்ஸின் ஆயுள் கரைகிறது. உள்ளே கிளட்ச் பிளேட்டுகளை இறுக்கிப் பிடிப்பது ஆயிலின் அழுத்தம். அழுத்தம் மெதுவாக ஏறினால் பிளேட்டுகள் வழுக்கும், வழுக்கினால் சூடு பிறக்கும். சூட்டில் பிளேட்டின் உராய்வுப் பூச்சு கருகி, ரப்பர் சீல்கள் விறைத்து, அழுத்தம் இன்னும் குறையும். வழுக்கும் நேரத்தைக் குறைப்பதும் சூட்டைத் தணிப்பதும்தான் நம் வேலை. உதைத்துக்கொண்டு கியர் மாறினால் பலமான கியர்பாக்ஸ் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு.

முதல் படி: உங்களுடையது எந்த வகை?

லீவரில் 'பி' (பார்க்கிங்) நிலை இருக்கிறதா என்று பாருங்கள். மாருதியின் ஏ.ஜி.எஸ். போன்ற ஏ.எம்.டி. வண்டிகளில் அது இருக்காது. அவை சாதாரண கியர்பாக்ஸில் கிளட்சைத் தானாக இயக்குபவை. இந்தக் கட்டுரை அவற்றுக்குப் பொருந்தாது. சி.வி.டி. (பெல்ட்டால் இயங்குவது), இரட்டைக் கிளட்ச் வகைகளில் 'பி' இருந்தாலும் உள்ளமைப்பு வேறு, ஆயிலும் வேறு. கையேட்டைப் புரட்டி, இன்ஜினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வகைதான் என்று உறுதி செய்துகொண்டு மேலே படியுங்கள். வாரண்டி மிச்சமிருந்தால் ஆயில் மாற்றத்தையும் டீலரிடமே செய்யுங்கள். மற்ற மாற்றங்கள் இப்போது வேண்டாம்.

இரண்டாம் படி: ஆயில்

பாதிப் பிரச்சினைகள் இங்கேயே தீர்ந்துவிடும் என்பதால் இதை அவசரப்படாமல் செய்யுங்கள். வண்டியைச் சமதளத்தில், நான்கு ஸ்டாண்டுகளின் மேல் மட்டமாக நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழையவே கூடாது. ஆயில் ஊற்றும் போல்ட்டை முதலில் கழற்றுங்கள், வடிக்கும் போல்ட்டை அப்புறம். மேலே உள்ளது துருப்பிடித்துக் கழலாமல் போய், கீழே ஆயில் எல்லாம் வடிந்துவிட்டால் வண்டியை நகர்த்த முடியாது.

வடிந்த ஆயிலை அளவு போட்ட பாத்திரத்தில் பிடியுங்கள். பெரும்பாலான புது ஆயில் சிவப்பாக இருக்கும். பழுப்பேறியிருந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது. கருத்துப்போய், கருகிய வாசனையும் அடித்தால் பிளேட்டுகள் தேய்ந்துவிட்டன. இளஞ்சிவப்புப் பால் போல இருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே கலந்திருக்கிறது, வண்டியை அதன்பின் ஓட்டவே கூடாது. கியர்பாக்ஸின் அடித்தட்டான 'பான்' என்பதைக் கழற்றினால் அதன் அடியில் காந்தம் இருக்கும். அதில் மாவு போலச் சாம்பல் நிறப் பசை இருப்பது இயல்பு. துண்டு துண்டாக உலோகமோ பித்தளைப் பொடியோ இருந்தால் இந்த வேலையை நிறுத்திவிட்டு நல்ல ஆட்டோமேட்டிக் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

பில்டரையும் கேஸ்கட்டையும் மாற்றி, பான் போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக, டார்க் ரெஞ்சால் கையேட்டில் உள்ள அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். எவ்வளவு வடிந்ததோ அவ்வளவே ஊற்றுங்கள். கன்வெர்ட்டருக்குள் நிறைய பழைய ஆயில் தங்கிவிடும். அதனால் சில நாள் ஓட்டிவிட்டு மறுபடியும் ஒருமுறை இரண்டுமுறை இதையே செய்தால்தான் பெரும்பகுதி மாறும். ஆயிலின் தரக்குறியீடு கையேட்டில் சொன்னதாகவே இருக்க வேண்டும். கையேடு டொயோட்டாவின் 'டபிள்யூ.எஸ்.' என்ற தர ஆயிலைக் கேட்கும் இடத்தில் கடைக்காரர் கொடுக்கும் 'எல்லாவற்றுக்கும் ஒத்துவரும்' டப்பாவை வாங்காதீர்கள். டிப்ஸ்டிக் (ஆயில் மட்டம் பார்க்கும் குச்சி) இல்லாத வண்டிகளில் கையேடு சொல்லும் ஆயில் வெப்பநிலையில், இன்ஜின் ஓடும்போது, வழிந்தோடும் துளை வழியாகத்தான் மட்டம் பார்க்க வேண்டும். பல வண்டிகளில் அது சுமார் 40 டிகிரி. நம் ஊர்ச் சித்திரை மதியத்தில் வண்டி நிழலில் நின்றாலே அந்த அளவை நெருங்கிவிடும், அதனால் இந்த வேலைக்கு விடியற்காலைதான் நல்லது.

மூன்றாம் படி: கூலர்

கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி வழியாக ஓசூர் ஏறுபவர்கள், மாங்காய்ப் பருவத்தில் டிரெய்லர் இழுப்பவர்கள், கணவாய்களில் தினமும் ஓடுபவர்கள் எல்லாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். ஆயில் வெப்பம் 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது தொழில்காரர்களின் பொதுக்கணக்கு.

பல வண்டிகளில் ஆயில் ரேடியேட்டரின் ஓரத்தில் உள்ள சிறு கூலருக்குப் போய்த் திரும்பும். வெளிக்கூலரை அதன் திரும்பும் குழாயில், ஏ.சி. கண்டென்சருக்கு முன்னால் காற்று படும்படி பொருத்துங்கள். இரண்டு குழாய்களில் அதிகம் சுடுவது ரேடியேட்டருக்குப் போகும் குழாய், சற்றுக் குளிர்ந்தது திரும்பும் குழாய். கியர் ஆயிலுக்கென்றே வரும் ஹோஸை மட்டும் பயன்படுத்துங்கள், பெட்ரோல் ஹோஸ் ஆகாது. கூலரைப் பிராக்கெட் போட்டு நிறுத்துங்கள், கண்டென்சரில் உராயக்கூடாது.

நான்காம் படி: ஷிஃப்ட் கிட்

ஷிஃப்ட் கிட் என்பது கியர் சட்டென்று மாற உதவும் உதிரிபாகத் தொகுப்பு. இது பழைய, ஹைட்ராலிக் கட்டுப்பாட்டு (ஆயில் அழுத்தமே எல்லாவற்றையும் ஆளும்) கியர்பாக்ஸ்களுக்கு உரியது. கிட்டுக்குள் அழுத்தத்தைச் சற்று உயர்த்தும் ஸ்ப்ரிங், கிளட்ச் பிடிப்பதை மென்மையாக்கும் அக்குமுலேட்டரை விறைப்பாக்கும் ஸ்ப்ரிங், ஆயில் விரைவாகப் பாயும்படி துளை பெரிதாக்கிய பிரிப்புத் தகடு ஆகியவை இருக்கும். பிளேட்டுகள் சீக்கிரம் இறுகுவதற்கு இவை உதவும். புதிய மின்னணு கியர்பாக்ஸ்களில் கணினியே அழுத்தத்தை ஆளுகிறது. அங்கே ஆயிலை உரிய கிளட்சுக்குத் திருப்பிவிடும் வால்வ் பாடி தேய்ந்திருந்தால் அதைச் சரிசெய்வதே வழி.

வால்வ் பாடியை இறக்கும்போது சின்னச் சின்ன இரும்புக் குண்டுகள் உருண்டு விழும். ஒவ்வொன்றும் எந்தக் குழியில் இருந்தது என்று கழற்றும்போதே படம் எடுத்துவிடுங்கள். போல்ட்டுகளின் நீளம் வேறுவேறு. அட்டையில் படம் வரைந்து, இருந்த இடத்திலேயே குத்தி வையுங்கள். நூல் உதிரும் துணியால் துடைக்காதீர்கள், ஒரு நூல் போதும், வால்வ் சிக்கிக்கொள்ளும். தகட்டைத் துளையிடச் சொன்னால் கிட் சொல்லும் அளவுக்கு மேல் ஒரு நூலிழையும் போகாதீர்கள். பெரிதாகிவிட்ட துளையைச் சிறிதாக்க முடியாது. துளை மிகுந்தால் கியர் உதைக்கும், மவுண்டும் யுனிவர்சல் ஜாயிண்டும் நொறுங்கும். அனுபவமில்லாத கை முதன்முறையாக இதைச் செய்வதானால் பக்கத்தில் ஒரு மெக்கானிக்கை வைத்துக்கொள்வதுதான் என் கருத்து.

ஐந்தாம் படி: ஓட்டிப் பார்ப்பது

மின்னணு வகையில், கியர் மாற்றம் பற்றிக் கணினி கற்றுவைத்திருக்கும் பழைய கணக்கை ஸ்கேனரால் (வண்டியின் கணினியோடு இணைக்கும் கருவி) அழித்து, கையேடு சொல்வதுபோலப் புதிதாகக் கற்கவிடுங்கள். முதலில் தருமபுரி–பென்னாகரம் போன்ற சமமான சாலையில், ஆக்சிலேட்டரை மென்மையாக மிதித்து ஓட்டுங்கள். பின்பு மெல்ல ஏற்றம். ஆயில் வெப்பத்தை ஸ்கேனரில் பார்த்துக்கொண்டே போங்கள். தொப்பூரில் சேலம் பக்கம் இறங்கும்போது கையால் குறைந்த கியரில் வையுங்கள், 'என்' (நியூட்ரல்) நிலையில் விட்டு இறங்கவே கூடாது. வீடு திரும்பியதும் ஆயில் ஆறியபின் ஹோஸ் இணைப்புகளையும் பான் ஓரத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். கசிவு இருந்தால் அன்றே இறுக்குங்கள். வடித்த பழைய ஆயிலை மண்ணில் ஊற்றாமல், கழிவு ஆயில் வாங்கும் கடையில் கொடுத்துவிடுங்கள்.