நாயோடு கொழும்புக்கு வருகிறீர்களா?

சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானம் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. எங்கள் நாய்க்கு அது பதினோரு மணி நேரம். அதன் பெயர் மணி. பெயர் அப்படி அமைந்துவிட்டது, நான் என்ன செய்ய?

கணக்கு இதுதான். மயிலாப்பூரில் அக்கா வீட்டிலிருந்து அதிகாலை நான்கு மணிக்குக் கிளம்பினோம். ஐந்துக்குச் சரக்கு முனையம். விமானம் ஒன்பதரைக்கு. கட்டுநாயக்கவில் இறங்கும்போது பதினொன்றாகப் போகிறது. விலங்குத் தனிமைப்படுத்தல் அதிகாரி தாள்களைப் பார்த்து, சுங்கத்தில் முத்திரை வாங்கி, பெட்டி எங்கள் கைக்கு வரும்போது மதியம் இரண்டு. வெள்ளவத்தை வீட்டில் மணி வெளியே வந்து சோம்பல் முறித்தபோது மூன்றேகால். அதில் பறந்த நேரம் எட்டில் ஒரு பங்கு. மீதி முழுக்க ஒரு பெட்டிக்குள், தெரியாத சத்தங்களுக்கு நடுவே காத்திருந்த நேரம். டிக்கெட்டில் இருக்கும் நேரத்தை மறந்துவிட்டு நாயின் நேரத்தை எண்ணுங்கள். விமானமோ யாழ்ப்பாணத்துக்குக் காரோ, எல்லாத் தயாரிப்பும் அதிலிருந்துதான் தொடங்கும்.

அதற்கு முன்னால் ஒரு கேள்வி. எத்தனை காலத்துக்கு வருகிறீர்கள்? ஆறு மாத ஒப்பந்தம் என்றால், ஊரில் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால், நாயை விட்டுவிட்டு வாருங்கள் என்றுதான் சொல்வேன். திரும்பிப் போவது வருவதைவிடச் சிக்கல். வளர்ப்பு நாயை இந்தியாவுக்குள் கொண்டுவரும் விதி, வெளிநாட்டில் இரண்டு ஆண்டு தொடர்ந்து தங்கிவிட்டுக் குடிபெயர்ந்து வருபவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. குறுகிய காலத்துக்கு வருபவர்கள் திரும்பும் வழியைக் கிளம்பும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

தாள்கள்

இலங்கைப் பக்கம் அனுமதி தருவது கால்நடை உற்பத்தி மற்றும் சுகாதாரத் திணைக்களம். தலைமையகம் பேராதனையில், கெட்டம்பேயில் இருக்கிறது. இறக்குமதி அனுமதி கையில் இல்லாமல் நாயை விமானத்தில் ஏற்றவே கூடாது. அந்த அனுமதியிலேயே என்னென்ன ஊசி, என்னென்ன சான்றிதழ், எத்தனை நாள் இடைவெளி என்று எழுதியிருக்கும். முகநூலில் யாரோ சொன்னதை விட்டுவிட்டு அந்தத் தாளை மட்டும் நம்புங்கள். இந்தியப் பக்கம் சுகாதாரச் சான்றிதழ் தருவது பள்ளிக்கரணையில் இருக்கும் மத்திய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல் நிலையம். கடைசி சில நாட்களுக்குள்தான் கொடுப்பார்கள், நாயையும் நேரில் காட்ட வேண்டும். அதனால்தான் நாங்கள் மதுரையிலிருந்து ஒரு வாரம் முன்பே 460 கிலோமீட்டர் காரில் வந்து அக்கா வீட்டில் டேரா போட்டோம்.

வரிசை முக்கியம். முதலில் மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு), அப்புறம் ரேபிஸ் ஊசி. சிப்பின் 15 இலக்க எண் ஊசிச் சான்றிதழில் இருக்க வேண்டும். முதலில் ஊசி, பிறகு சிப் என்று மாற்றிச் செய்தவர்களை மறுபடி ஊசி போட்டு வரச் சொல்லிவிடுவார்கள். ஊசிக்கும் பயணத்துக்கும் நடுவே ஒரு மாதமாவது விட்டுவிடுங்கள். உடலில் எதிர்ப்புச் சக்தி உருவாக வாரக்கணக்கில் ஆகும். இங்கே ரேபிஸை விசர்நாய்க்கடி என்பார்கள். அலுவலகங்களில் அந்தச் சொல்லைக் கேட்டு நான் முதலில் விழித்தேன்.

பெட்டி

இதில்தான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள், நான் உட்பட. விமான நிறுவனங்கள் ஐயாட்டா என்ற சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பின் உயிருள்ள விலங்குகளுக்கான விதிகளைப் பின்பற்றுகின்றன. அளவெடுப்பது எளிது. நாயின் மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை ஒரு அளவு. தரையிலிருந்து முன்காலின் முழங்கை மூட்டு வரை இன்னொன்று. முதல் அளவோடு இரண்டாவதில் பாதியைக் கூட்டினால் பெட்டியின் நீளம். தோள் அகலத்தின் இரு மடங்கு பெட்டியின் அகலம். நின்றால் காது நுனி வரை வரும் உயரத்துக்குக் கூரை. மணிக்கு 75 செ.மீ., 32 செ.மீ. என்று வந்தது, ஆக நீளம் 91. எல்லாம் உள்ளளவு. கடைக்காரர் வெளியளவைச் சொல்வார், ஏமாந்துவிடாதீர்கள். பெரிதாக இருந்தால் வசதிதானே என்று இரண்டு மடங்கு வாங்குவதும் தப்பு. பெட்டி சாயும்போது நாய் உருண்டு அடிபடும்.

எங்களுக்குப் பெட்டி வாங்கிக்கொடுத்த முகவர், விமானத்துக்கென்றே செய்தது என்றார். சரக்கு முனையத்தில் பார்த்தவர் மேல்பாதியையும் கீழ்பாதியையும் இணைத்த பிளாஸ்டிக் கிளிப்புகளைத் தட்டிக் காட்டி, இரும்பு போல்ட் இல்லாமல் ஏற்ற முடியாது என்றுவிட்டார். விடியற்காலை ஐந்தரைக்குப் போல்டுக்கு எங்கே போவது? பக்கத்தில் பூனையோடு நின்ற ஒரு பெரியவர் உபரியாக வைத்திருந்த எட்டு போல்டுகளைக் கொடுத்தார். அவருக்கு நான் இன்னும் கடன்பட்டிருக்கிறேன். ஆகவே போல்ட் போட்ட பெட்டி, நான்கு பக்கமும் காற்றோட்டம், சக்கரம் இருந்தால் கழற்றிவிடுவது, கதவைத் திறக்காமலே ஊற்றக்கூடிய தண்ணீர்க் கிண்ணம். முந்தின இரவு கிண்ணத்துத் தண்ணீரை உறையவைத்து அப்படியே மாட்டுங்கள். ஏற்றும்போது சிந்தாது, உருக உருக நக்கிக்கொள்ளும்.

சரியான பெட்டி கிடைத்தால் மட்டும் போதாது, அது நாய்க்கு வீடாக மாற வேண்டும். இரண்டு மாதம் முன்பே கூடத்தில் வைத்துவிட்டோம், கதவு இல்லாமல். சாப்பாடு உள்ளே. பிறகு கதவை மாட்டி ஐந்து நிமிடம், அரை மணி, ஒரு இரவு. கடைசியில் பெட்டியோடு காரில் ஏற்றி மேலூர் வரை போய் வந்தோம். என் பழைய லுங்கிதான் விரிப்பு. துவைக்க வேண்டாம், உங்கள் வாசனைதான் அதற்குத் துணை.

தூக்க மாத்திரை கொடுக்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கூடாது. மயக்க மருந்து இரத்த அழுத்தத்தைக் குறைக்கும், நிலை தடுமாற வைக்கும், உடல் சூட்டைச் சமாளிக்கும் திறனையும் கெடுக்கும். பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கவும் ஆள் கிடையாது. மயங்கிய நாயை விமான நிறுவனங்களும் ஏற்றமாட்டா. பக், புல்டாக், ஷிட்சு போன்ற சப்பை மூக்கு நாய்கள் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நாய் இரைத்துத்தான் உடம்பைக் குளிர வைக்கும், இவற்றுக்கு மூச்சுப்பாதையே குறுகல். பல நிறுவனங்கள் இவற்றை ஏற்பதில்லை. முகம் சுளிக்க வேண்டாம், நியாயமான மறுப்புதான்.

கிளம்பும் நாளில் ஐந்தாறு மணி நேரம் முன்பு கொஞ்சமாகச் சாப்பாடு, தண்ணீர் கடைசி வரை, ஏற்றும் முன் நல்ல நடை. மார்ச், ஏப்ரலில் வருவதானால் நடுப்பகல் விமானம் வேண்டவே வேண்டாம்.

கொழும்பில் முதல் வாரம்

வாடகை ஒப்பந்தத்தில் நாய்க்கு அனுமதி என்று எழுதி வாங்குங்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி அடுக்குமாடிகளில் வீட்டுக்காரர் சரி என்பார், நிர்வாகக் குழு முடியாது என்னும். லிப்டில் யாராவது ஒதுங்கினால் ‘பய வென்ன எப்பா’ என்று சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். சிங்களத்தில் பயப்படாதீர்கள் என்று அர்த்தம். நான் கற்ற முதல் சிங்கள வாக்கியமே அதுதான். நாயை உள்ளூராட்சி மன்றத்தில் பதிவு செய்ய வேண்டும். 1901ஆம் ஆண்டிலிருந்தே இங்கே அதற்குச் சட்டம் இருக்கிறது. கழுத்துப் பட்டையில் இலங்கைத் தொலைபேசி எண் வேண்டும். இந்திய எண்ணைப் பார்த்து யாரும் அழைக்கமாட்டார்கள். புது ஊரில் முதல் பத்து நாளில்தான் நாய்கள் தொலைகின்றன. பட்டாசு வெடித்தால், ரயில் கூவினால் பிய்த்துக்கொண்டு ஓடும், திரும்பும் வழி அதற்குத் தெரியாது. மரைன் டிரைவ் பக்கம் நடத்திச் செல்பவர்கள் கவனம், பக்கத்திலேயே தண்டவாளம்.

தெருநாய்களை இங்கே கட்டாக்காலி நாய்கள் என்பார்கள். ஒவ்வொரு சந்திலும் ஒரு கூட்டம், அதற்கு ஒரு தலைவர். எங்கள் சந்தின் தலைவருக்கு மணியைப் பிடிக்க மூன்று வாரம் ஆனது.

ரோட்டில்

நாய் வந்துவிட்டால் யாழ்ப்பாணத்துக்கும் நுவரெலியாவுக்கும் அதையும் அழைத்துப் போக ஆசை வரும். பொது பஸ்ஸை நம்ப முடியாது, வேன் எடுத்தால் நாய் இருக்கிறது என்று சாரதியிடம் முன்பே சொல்லிவிடுங்கள். யாழ்ப்பாணம் கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர். புத்தளம், அநுராதபுரம் வழியாகப் போய் ஏ9 வீதியைப் பிடித்தால் வவுனியா, கிளிநொச்சி, ஆனையிறவு. மனிதர்களுக்கு ஏழெட்டு மணி நேரம், நாயோடு பத்து. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்த வேண்டும். மடியில் உட்கார வைக்காதீர்கள், முன் சீட்டும் கூடாது; காற்றுப்பை வெடித்தால் அதன் உயிருக்கே ஆபத்து. பின் சீட்டில் பெட்டியைப் பெல்ட்டால் கட்டுங்கள், அல்லது மார்புப் பட்டை மாட்டி அதைப் பெல்ட்டோடு இணையுங்கள். நிறுத்தியதும் முதலில் கயிறு, பிறகு கதவு. புத்தளத்துக்கு அப்பால் ஒரு தேநீர்க் கடையில் நான் இதைத் தலைகீழாகச் செய்து, நெடுஞ்சாலையைத் தாண்டி ஓடிய மணியைத் துரத்தினேன். லாரிக்காரர் பிரேக் போட்டதால் இதை எழுதுகிறேன்.

சாப்பிட இறங்கும்போது ஒருவர் காரிலேயே இருக்கட்டும். வெளியே 30 பாகை என்றால், மூடிய காருக்குள் பத்தே நிமிடத்தில் 40. கண்ணாடியை இரண்டு விரல் இறக்கிவிட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை. நாக்கு செக்கச் சிவந்து, எச்சில் கயிறாகத் தொங்கி, கால் பின்னினால் அது வெப்பத்தாக்கு. நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கொஞ்சம் தெளிந்தாலும் மிருக வைத்தியரிடம் காட்டியே ஆக வேண்டும். பாரசிட்டமோல், இபுப்ரோஃபென் எதுவும் கொடுக்காதீர்கள், நாய்க்கு அவை விஷம்.

மலைநாடு வேறு கதை. வெயில் இல்லை, வளைவுகள் உண்டு. ஹட்டன் பக்கம் ஏறும்போது வாந்தி எடுக்கும் நாய்களுக்கு வைத்தியரிடம் முன்பே மாத்திரை கேட்டு வையுங்கள். ஓடைத் தண்ணீரைக் குடிக்க விடாதீர்கள். அட்டை மூக்குக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும், நாள்கணக்கில் தும்மலும் ரத்தமுமாக இருக்கும். எந்தப் பக்கம் போய் வந்தாலும் வீட்டுக்குள் விடுமுன் காது மடல், விரலிடுக்கு, அக்குள் மூன்றையும் விரலால் தடவிப் பாருங்கள். உண்ணி அங்கேதான் ஒளிந்திருக்கும். அதிலிருந்து காய்ச்சல் வந்தால் நாய் சாப்பாட்டை விட்டுவிடும், ஈறு வெளுக்கும். இரத்தப் பரிசோதனைக்கு அன்றைக்கே போங்கள்.