அந்த ஆண்டு கவர்னர் யார்? பெயரையும் பதவிக்காலத்தையும் சரிபார்ப்பது எப்படி

1860இல் சென்னை மாகாணத்தின் கவர்னர் யார்? சில பட்டியல்கள் சார்லஸ் ட்ரெவெல்யன் என்று சொல்லும். சில, சர் ஹென்றி வார்டு என்று சொல்லும். நடந்தது இதுதான்: லண்டன் ட்ரெவெல்யனைத் திருப்பி அழைத்துக்கொண்டது, ஜூனில் அவர் பதவியை விட்டார். கவுன்சில் உறுப்பினர் வில்லியம் மோர்ஹெட் பொறுப்பு பார்த்தார். இலங்கையில் கவர்னராக இருந்த வார்டு ஜூலை தொடக்கத்தில் வந்து பதவியேற்றார், ஒரு மாதம் முடிவதற்குள் ஆகஸ்ட் 2ஆம் தேதி காலராவில் இறந்துபோனார். மறுபடியும் மோர்ஹெட். 1861 பிப்ரவரியில் வில்லியம் டெனிசன் வந்த பிறகுதான் நிலைமை சீரானது.

ஆகவே 'கவர்னர் உத்தரவுப்படி' என்று 1860 ஜூலை 20ஆம் தேதியிட்ட ஒரு காகிதம் கையில் கிடைத்தால், ஆண்டை மட்டும் பார்த்துப் பெயரை எழுதிவிட முடியாது. ஊர் வரலாறு எழுதுபவர்கள், குடும்பப் பத்திரங்களைப் படிப்பவர்கள், விக்கிப்பீடியாவில் திருத்துபவர்கள் எல்லோரும் இந்த இடத்துக்கு ஒருநாள் வந்து சேர்வார்கள். சென்னை மாகாணத்தை எடுத்துக்காட்டாக வைத்துப் படிப்படியாகச் சொல்கிறேன். பம்பாய்க்கும் இலங்கைக்கும் இதே முறை பொருந்தும்.

படி 1: ஆவணம் சொல்வதை அப்படியே எழுதுங்கள்

ஒரு நோட்டோ, கணினியில் ஒரு அட்டவணையோ போதும். ஆவணத்தில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே, எழுத்து மாற்றாமல், முதல் கட்டத்தில் எழுதுங்கள். அது இன்னார் என்று நீங்கள் நினைப்பதைத் தனிக் கட்டத்தில் எழுதுங்கள். இரண்டையும் கலக்கவே கூடாது. தமிழில் ஒரே கவர்னர் பெண்டிங், பென்டிங்க், பெண்டிங்கு என்று மூன்று விதமாக வருவார். தேடும்போது மூன்றையும் போட்டுத் தேட வேண்டியிருக்கும். ஆங்கில எழுத்துக்கூட்டலையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

பதவியின் பெயரையும் விடாதீர்கள். ஜார்ஜ் கோட்டையின் தொடக்க காலத் தலைவர்கள் 'ஏஜெண்ட்' என்று குறிக்கப்பட்டார்கள், பிறகு 'பிரசிடெண்ட்', 'கவர்னர்' என்று வந்தது. பட்டியல்கள் எல்லோரையும் ஒரே வரிசையில் போட்டுவிடுகின்றன. ஆவணம் ஏஜெண்ட் என்றால் நீங்களும் ஏஜெண்ட் என்றே எழுதுங்கள்.

படி 2: பட்டத்துக்குப் பின்னால் இருக்கும் ஆளைக் கண்டுபிடியுங்கள்

தவறுகள் அதிகம் நடப்பது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

1801 ஜூலை 31ஆம் தேதி கர்நாடக நவாப் அசீம் உத் தௌலாவோடு போட்ட உடன்படிக்கையில் கிழக்கிந்தியக் கம்பெனி தரப்பில் 'கிளைவ் பிரபு' வருகிறார். கிளைவ் என்றதும் ஆற்காட்டு முற்றுகையும் பிளாசியும்தான் நமக்கு நினைவுக்கு வரும். ஆனால் அந்த ராபர்ட் கிளைவ் 1774இலேயே இறந்துவிட்டார். இவர் அவருடைய மகன் எட்வர்ட் கிளைவ், 1798 முதல் 1803 வரை சென்னை கவர்னர். கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்டபோதும் இவர்தான் பதவியில் இருந்தார். அப்பாவின் பட்டம் மகனுக்கு வந்ததால் இரண்டு பேருமே 'கிளைவ் பிரபு'. பிறந்த, இறந்த ஆண்டுகளைப் பெயரோடு சேர்த்து எழுதும் பழக்கம் இருந்தால் இந்தக் குழப்பம் உடனே பிடிபட்டுவிடும்.

எல்பின்ஸ்டன் இன்னும் சிக்கல். மவுண்ட்ஸ்டூவர்ட் எல்பின்ஸ்டன் 1819 முதல் 1827 வரை பம்பாய் கவர்னர். எல்பின்ஸ்டன் பிரபு, அதாவது ஜான், 1837 முதல் 1842 வரை சென்னையில் கவர்னர், பிறகு 1853இல் பம்பாய்க்கும் கவர்னராகப் போனார். 1881இல் சென்னைக்கு வந்தவர் பெயரோ மவுண்ட்ஸ்டூவர்ட் எல்பின்ஸ்டன் கிராண்ட் டஃப். பெயரில் பாதியை மட்டும் வைத்துத் தேடினால் மூன்று பேரும் ஒருவராகிவிடுவார்கள்.

பதவியில் இருக்கும்போதே பெயர் மாறுவதும் உண்டு. 1886இல் சென்னை வந்தபோது அவர் ராபர்ட் பர்க். 1887இல் பிரபு பட்டம் கிடைத்து 'கன்னிமாரா பிரபு' ஆனார். 1886 டிசம்பர் ஆவணத்தில் பர்க், 1888 ஆவணத்தில் கன்னிமாரா என்று பார்த்து, இடையில் கவர்னர் மாறிவிட்டார் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இதற்கு நேர்மாறாக, 1891 முதல் 1896 வரை இருந்த வென்லாக் பிரபுவும், 1906 முதல் 1911 வரை இருந்த ஆர்தர் லாலியும் பார்வைக்கு வேறு வேறு பெயர்கள், ஆனால் கூடப்பிறந்த சகோதரர்கள். வென்லாக்கின் குடும்பப் பெயரும் லாலிதான். 'லாலி' என்று மட்டும் ஒரு கடிதத்தில் கண்டால் தேதியைப் பாருங்கள்.

படி 3: 'தொடக்கம்' என்றால் எந்த நாள்?

ஒரு கவர்னருக்குக் குறைந்தது மூன்று தொடக்க நாட்கள் இருக்கின்றன: லண்டனில் நியமித்த நாள், சென்னையில் கரை இறங்கிய நாள், பதவியேற்ற நாள். சூயஸ் கால்வாய் 1869இல்தான் திறந்தது. அதற்கு முன்பு பெரும்பாலும் ஆப்பிரிக்காவைச் சுற்றி வரும் கப்பலில் மாதக்கணக்கில் ஆகும். அதனால் நியமன ஆண்டும் பதவியேற்ற ஆண்டும் வேறு வேறாக இருப்பது சாதாரணம். இரண்டு நூல்கள் ஒரே கவர்னருக்கு வேறு ஆண்டு கொடுத்தால், எது தவறு என்று கேட்பதற்கு முன்னால், எந்த நாளை அவர்கள் தொடக்கமாக எடுத்தார்கள் என்று கேளுங்கள். பதவியேற்ற நாளைத்தான் நான் எப்போதும் எடுத்துக்கொள்வேன், ஏனென்றால் அன்றிலிருந்துதான் அவர் கையெழுத்துக்கு மதிப்பு.

முடிவு நாளும் எப்போதும் சுலபமில்லை. ஜார்ஜ் பிகட் 1755 முதல் 1763 வரை ஒரு முறை கவர்னர், பிறகு பிகட் பிரபுவாக 1775இல் திரும்பி வந்தார். 1776 ஆகஸ்ட் 24ஆம் தேதி அவருடைய கவுன்சிலில் பெரும்பான்மையாக இருந்தவர்களே அவரைக் கைது செய்ய வைத்தார்கள். அவரை மறுபடி பதவியில் அமர்த்தச் சொன்ன கம்பெனி இயக்குநர்களின் உத்தரவு வந்து சேருவதற்குள், 1777 மே மாதம் காவலிலேயே இறந்தார். அவர் பதவிக்காலம் கைதான நாளோடு முடிந்ததா, இறந்த நாளோடா? அதிகாரம் கைமாறிய நாள் என்பதால் 1776ஐ எழுதி, மற்றதைக் குறிப்பாகச் சேர்ப்பதே நல்லது என்பது என் கருத்து.

படி 4: சங்கிலியை இழுத்துப் பாருங்கள்

உங்கள் கவர்னருக்கு முந்தையவர் பதவி விட்ட நாளும், இவர் ஏற்ற நாளும் ஒட்டுகிறதா? இவர் விட்ட நாளும் அடுத்தவர் ஏற்ற நாளும் ஒட்டுகிறதா? ஒட்டவில்லை என்றால் நடுவில் ஒரு பொறுப்பு கவர்னர் இருக்கிறார் என்று அர்த்தம். கோட்டை வெகுநாள் தலைவர் இல்லாமல் இருந்ததில்லை.

தாமஸ் மன்றோ 1827 ஜூலை 6 அன்று பத்திகொண்டாவில் காலராவில் இறந்தார். அடுத்த கவர்னர் லஷிங்டன் பதவியேற்றது அக்டோபரில். நடுவில் இருந்த மூன்று மாதத்துக்கும் சொந்தக்காரர் ஹென்றி சலிவன் கிரேம். சுருக்கப் பட்டியல்களில் முதலில் காணாமல் போவது இப்படிப்பட்டவர்கள்தான், அந்த மாதங்களின் உத்தரவுகளில் இருப்பதோ அவர்கள் கையெழுத்து.

வைஸ்ராய் பதவி திடீரென்று காலியானபோது சென்னை கவர்னர் கல்கத்தாவுக்குப் போய்ப் பொறுப்பு பார்த்ததும் உண்டு: எல்ஜின் இறந்தபோது 1863இல் டெனிசன், மேயோ கொல்லப்பட்ட பிறகு 1872இல் நேப்பியர். 1904இல் கர்சன் விடுப்பில் போனபோது ஆம்ப்ட்ஹில். சுருக்கப் பட்டியல்களில் டெனிசன், ஆம்ப்ட்ஹில் பதவிக்காலம் அறுபடாமல் ஓடும். ஆனால் அந்த மாதங்களில் சென்னையில் நாற்காலியில் இருந்தவர்கள் முறையே மால்ட்பி, அர்பத்நாட், ஜேம்ஸ் தாம்சன்.

படி 5: நாட்காட்டியைச் சரிசெய்யுங்கள்

1752க்கு முந்தைய ஆங்கிலேய ஆவணம் என்றால் இந்தப் படியைத் தாண்டவே கூடாது. அதுவரை அவர்கள் பழைய ஜூலியன் நாட்காட்டியில் இருந்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் 1582லேயே இன்று நாம் பயன்படுத்தும் புதிய கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறிவிட்டார்கள். 18ஆம் நூற்றாண்டில் வித்தியாசம் 11 நாள். 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர்களிடம் சரணடைந்தது ஆங்கிலேயர் கணக்கில் செப்டம்பர் 10, பிரெஞ்சுக்காரர் கணக்கில் செப்டம்பர் 21. இரண்டும் ஒரே நாள்.

புத்தாண்டு இன்னொரு வில்லங்கம். அப்போது ஆங்கிலேயருக்கு ஆண்டு பிறந்தது மார்ச் 25இல். எலிஹு யேல் 1684 ஆகஸ்டில், ஜார்ஜ் கோட்டையின் தலைவராக இருந்த கிஃபோர்டுக்குப் பதிலாகப் பொறுப்பேற்றார், அடுத்த ஜனவரியில் கிஃபோர்டு திரும்பிவிட்டார். அந்த ஜனவரி பழைய கணக்கில் இன்னும் 1684தான். அப்படியே எடுத்தால், யேல் பதவியேற்பதற்கு ஏழு மாதம் முன்னாலேயே பதவியை விட்டதாக வரும்! அதனால் ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரையுள்ள தேதிகளை 1684/85 என்று இரட்டையாக எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம், யேலின் முழுப் பதவிக்காலமான 1687 முதல் 1692 வரை என்பதோடு இந்தச் சில மாதங்களைக் கலந்துவிடாதீர்கள்.

தமிழ் ஆவணங்களில் வருஷப் பெயர்கள் வரும். ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் தமிழ்த் தேதியோடு ஐரோப்பியத் தேதியையும் சேர்த்தே எழுதினார், அது நமக்குப் பெரிய கொடை. எல்லோரும் அப்படி எழுதவில்லை. 'அட்சய வருஷம் ஆடி மாதம்' என்று மட்டும் இருந்தால் அது 1746ஆகவும் இருக்கலாம், 60 ஆண்டு கழித்து வேலூர்ப் புரட்சி நடந்த 1806ஆகவும் இருக்கலாம். முன்னதில் கவர்னர் நிக்கோலஸ் மோர்ஸ், பின்னதில் பெண்டிங். ஆவணத்தில் கூட வரும் வேறு பெயர்களையும் சம்பவங்களையும் வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

படி 6: அன்றன்றைக்கு எழுதியதைத் தேடுங்கள்

பிற்காலப் பட்டியல் எதுவும் கடைசி வார்த்தை இல்லை. கம்பெனி காலத்துக்கு ஜார்ஜ் கோட்டையின் நாட்குறிப்பு, ஆலோசனைப் பதிவேடுகள் இருக்கின்றன. கவுன்சில் கூடிய நாள், யார் வந்தார்கள், தலைமையில் யார் என்பது எல்லாம் அதில் வரும். சென்னை ஆவண அலுவலகம் இவற்றில் பலவற்றை அச்சிட்டது, இன்டர்நெட் ஆர்க்கைவில் ஸ்கேன் பிரதிகள் கிடைக்கும். 1746 முதல் 1752 வரையுள்ள காலத்துக்கு மட்டும் கடலூர் புனித டேவிட் கோட்டையின் பதிவுகளைப் பாருங்கள், தலைமையிடம் அப்போது அங்கே இருந்தது. 1832 முதல் ஜார்ஜ் கோட்டை கெஜட், அதாவது அரசிதழ், இருக்கிறது. பதவியேற்பு அறிவிப்புகளுக்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. நேரில் போவதென்றால் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம்.

கட்டடக் கல்வெட்டுகளில் கவனம் தேவை. கன்னிமாரா நூலகத்துக்கு அடிக்கல் நாட்டியது 1890 மார்ச்சில், திறந்தது 1896 டிசம்பரில். திறந்தபோது கவர்னர் ஆர்தர் ஹேவ்லாக். கட்டடத்தின் பெயரை வைத்து ஆண்டைக் கணித்தால் இரண்டு கவர்னர் தள்ளிப் போய்விடும்.

படி 7: எழுதி வைப்பது

ஒரு பதிவு இப்படி இருந்தால் போதும்: 'தாமஸ் மன்றோ (1761–1827). கவர்னர், சென்னை. பதவியேற்பு 10 ஜூன் 1820. முடிவு 6 ஜூலை 1827, பதவியில் இருக்கும்போதே மரணம். அடுத்து: கிரேம், பொறுப்பு.' இதன் கீழே எந்தப் பதிவேட்டில், எந்தப் பக்கத்தில் பார்த்தீர்கள் என்று ஒரு வரி. பட்டியலில் மட்டும் பார்த்து, மூல ஆவணத்தில் இன்னும் பார்க்காத தேதிக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள். இரண்டு மூல ஆவணங்கள் முரண்பட்டால் இரண்டு தேதியையும் எழுதி, நாட்காட்டி, பதவியேற்பு, நியமனம் இவற்றில் எதனால் வித்தியாசம் வந்திருக்கும் என்று குறியுங்கள். காரணம் கிடைக்காவிட்டால் இரண்டும் அப்படியே இருக்கட்டும்.