திருவண்ணாமலைக்கு டிக்கெட் போடும் முன்

பிள்ளைகளின் பள்ளி விடுமுறையைப் பார்த்து விமான டிக்கெட் போட்டுவிட்டு, அதன் பிறகுதான் அந்த வாரம் அண்ணாமலையில் என்ன விசேஷம் என்று வெளிநாட்டுத் தமிழர்கள் பலரும் தேடுகிறார்கள். இதை மாற்றிச் செய்யுங்கள். முதலில் பஞ்சாங்கம், பிறகு டிக்கெட். இங்கே மலைதான் லிங்கம். 2,668 அடி உயர மலையையே சிவனாகக் கும்பிடுவதால் திருவிழா கோயில் மதிலுக்குள் அடங்குவதில்லை. கோயிலைச் சுற்றிய மாட வீதி, மலையைச் சுற்றிய 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை, ஊருக்குள் வரும் சாலைகள் எல்லாம் சேர்ந்துதான் விழா. நீங்கள் அறை எடுத்த விடுதியின் வாசலுக்கே கார் வராத நாட்கள் உண்டு. அதே ஊரில் ஒரு சாதாரண வேலைநாள் காலையில் நிதானமாக நின்று சுவாமி பார்க்கலாம்.

பஞ்சாங்கத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. டொராண்டோவிலோ லண்டனிலோ அச்சான நாட்காட்டி அந்த ஊர் நேரத்துக்குக் கணித்த திதியைக் காட்டும். திதியும் நட்சத்திரமும் இங்கே ஒரு நாள் தள்ளி விழலாம். தமிழ்நாட்டுப் பஞ்சாங்கத்தை மட்டும் பாருங்கள். கார்த்திகை தீபமும் பௌர்ணமியும் எப்போதும் ஒரே நாளில் வரும் என்றும் நம்பிவிட வேண்டாம். தீபம் கிருத்திகை நட்சத்திரத்தை வைத்து, பௌர்ணமி கிரிவலம் திதியை வைத்து. 2025இல் தீபம் டிசம்பர் 3, பௌர்ணமி திதி தொடங்கியதோ மறுநாள் காலை. இரண்டையும் ஒரே இரவில் முடித்துக் கிளம்பலாம் என்று கணக்குப் போட்டால் ஒன்று விட்டுப்போகும்.

கார்த்திகை

பத்து நாள் பிரம்மோற்சவம். அதற்கு முந்தைய மூன்று நாட்கள் துர்க்கையம்மன், பிடாரியம்மன், விநாயகர் உற்சவம். ஐந்தாம் நாள் இரவு வெள்ளி ரிஷப வாகனம், ஆறாம் நாள் காலை அறுபத்துமூவர் உலா, இரவு வெள்ளித் தேர். ஏழாம் நாள் பஞ்சரதம்: விநாயகர், முருகர், அண்ணாமலையார், பராசக்தி அம்மன், சண்டிகேஸ்வரர் என ஐந்து தேரும் ஒன்றன்பின் ஒன்றாக மாட வீதி சுற்றும். அம்மன் தேரைப் பெண்களும் சண்டிகேஸ்வரர் தேரைச் சிறுவர்களும் இழுப்பார்கள். கடைசித் தேர் நிலைக்கு வர இரவாகிவிடும். ஆகவே அன்று மாட வீதிக்குள் அறை எடுத்தவர்கள் பெட்டியோடு வெளியேற முடியாது.

குழந்தை வரம் கேட்டுப் பிறந்த பிள்ளைக்குக் கரும்புத் தொட்டில் எடுப்பது இந்த நாட்களில்தான். இரண்டு மூன்று கரும்புகளைச் சேர்த்துக் கட்டி, நடுவில் மஞ்சள் துணியிலோ அம்மாவின் சேலையிலோ தூளி போட்டு, குழந்தையை அதில் கிடத்தி, தாய் தகப்பன் முன்னும் பின்னும் தோளில் தாங்கிக்கொண்டு நான்கு மாட வீதியும் வலம் வருவார்கள். கரும்பு வீதியிலேயே விற்கும். துணி மட்டும் உங்களுடையதாக, நைந்துபோகாத பருத்தியாக இருக்கட்டும். செயற்கைப் பட்டு வழுக்கி முடிச்சு இளகும். தேர் நாளுக்கு ஓரிரு நாள் முன்பாக, வெயில் ஏறும் முன் இதை முடித்துக்கொள்வது குழந்தைக்கு நல்லது.

பத்தாம் நாள் அதிகாலை 4 மணிக்குக் கருவறையில் பரணி தீபம். மாலை 6 மணிக்குச் சற்று முன் அர்த்தநாரீஸ்வரர் ஆடியபடி வெளியே வந்து, சில நிமிடங்களில் உள்ளே போய்விடுவார். அவர் வெளியே வருவது ஆண்டில் அந்த ஒரு முறைதான். அதே நேரத்தில் உச்சியில் மகாதீபம் ஏறும். ஆள் உயரச் செப்புக் கொப்பரை, சுமார் 3,500 கிலோ நெய், 1,000 மீட்டர் காடாத் துணித் திரி. ஏற்றுவது பர்வதராஜகுலம் என்ற மீனவச் சமூகத்தாரின் உரிமை. மலையில் சுடர் தெரிந்த பிறகுதான் ஊரில் வீட்டு வாசல்களில் அகல் ஏறும்.

இந்த நேரத்தில் கோயிலுக்குள் நிற்க அனுமதிச் சீட்டு வேண்டும். இணையத்தில் விடப்படும் சிறிய எண்ணிக்கை சட்டென்று தீர்ந்துவிடும்; பதிவுக்கு ஆதார் எண் கேட்கப்பட்டதும் உண்டு. வெளிநாட்டிலிருந்து வருபவர் அதை நம்பிப் பயணம் வகுக்க வேண்டாம். மகாதீபத்தைக் காணக் கோயிலுக்குள் இருக்கவேண்டிய அவசியமே இல்லை. கிரிவலப் பாதையில் மலை தெரியும் எந்த இடமும், விடுதி மொட்டை மாடியும் போதும். மலை ஏறும் எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். 2024 டிசம்பர் 1 அன்று மண்சரிந்து ஏழு பேர் இறந்த பின், அந்த ஆண்டு தீபத்துக்குப் பக்தர்கள் யாரையும் ஏறவிடவில்லை. மலை வனத்துறையின் கட்டுப்பாட்டில் உள்ள காடு. மற்ற நாட்களிலும் உச்சிக்குத் தன்னிச்சையாகப் போகக்கூடாது.

வயதான பெற்றோரோடு முதல்முறை வருபவர்களுக்கு எங்கள் யோசனை: தீபத்தன்று வராதீர்கள், தீபம் ஏற்றிய மூன்றாம் நான்காம் நாள் வாருங்கள். உச்சியில் தீபம் 11 நாட்கள் எரியும். தினமும் மாலையில் மறுபடி நெய் வார்த்து ஏற்றுவார்கள். கூட்டம் வடிந்த ஊரில் அப்பாவை நாற்காலி போட்டு உட்காரவைத்து அதே சுடரைக் காட்டலாம். ஐயங்குளத்தில் தெப்பமும் இந்த நாட்களில்தான், அண்ணாமலையாரே கிரிவலம் போவதும் இந்த நாட்களில்தான்.

கிரிவலம்

மலை உங்கள் வலக்கைப் பக்கம் இருக்கும்படி, சாலையின் இடது ஓரமாக நடக்க வேண்டும். மலையை ஒட்டிய ஓரம் சித்தர்களும் தேவர்களும் வலம்வரும் வழி என்று விட்டுவிடுவது மரபு. ராஜகோபுரத்தில் தொடங்கினால் இந்திரன், அக்னி, எமன், நிருதி, வருணன், வாயு, குபேரன், ஈசானியன் என எட்டு லிங்கங்களும் திசை வரிசையில் வரும். செங்கம் சாலையிலிருந்து வலப்புறம் திரும்பும் இடத்தைத் தவறவிடாதீர்கள். நேரே போனால் செங்கம்தான்.

சாதாரண நடைக்கு 4 முதல் 5 மணி நேரம். பௌர்ணமி இரவில் கூட்டத்தோடு நகர வேண்டியிருப்பதால் இன்னும் கூடும். வெறுங்காலோடு நடக்க வேண்டும் என்பதால் வெளிநாட்டுக் கால்களுக்கு இதில்தான் சோதனை. வருடம் முழுக்க காலணியிலும் கம்பளத்திலும் இருந்த பாதம் முதல் 5 கிலோமீட்டர் ஒன்றும் சொல்லாது. ஆதி அண்ணாமலை தாண்டும்போது குதிகாலுக்கும் விரலடிக்கும் நடுவே எரிச்சல் தொடங்கும், குபேர லிங்கத்தில் கொப்புளம் நிற்கும். புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே வீட்டுத் தோட்டத்திலோ நடைபாதையிலோ தினம் அரைமணி வெறுங்காலில் நடந்து பழகுங்கள். முடியாதவர் தடித்த பருத்திக் காலுறை போடலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். மாசி முதல் ஆனி வரை காலை 9 மணிக்கு மேல் தார்ச்சாலை சுடும். அதிகாலை 4 மணிக்கோ மாலை 7 மணிக்கோ தொடங்குங்கள். நீரிழிவுக்காரர்கள் வெறுங்காலில் நடக்கவே வேண்டாம். ஆட்டோவில் சுற்றி ஒவ்வொரு லிங்கத்திலும் இறங்கிக் கும்பிட்டால் குறையேதும் இல்லை.

பௌர்ணமியன்று பேருந்துகள் ஊருக்கு வெளியே தற்காலிக நிலையங்களிலேயே நின்றுவிடும். அங்கிருந்து கோயிலுக்கு நடை தனி. இந்தக் கிலோமீட்டர்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். சென்னை விமான நிலையத்திலிருந்து திண்டிவனம், செஞ்சி வழியாக வழக்கமாக 4 மணி நேரம். பௌர்ணமி முடிந்த காலையில் திரும்புவதானால் விமானத்துக்கு முந்தின நாளே சென்னை போய்விடுவது நல்லது.

மற்ற மாதங்கள்

மாட்டுப் பொங்கலன்று நடக்கும் திருவூடலை வெளியூர்க்காரர்கள் பலர் அறிவதில்லை. காலையில் நந்திக்கு வடை, காய், பழ மாலைகள் சாத்துவார்கள். மாலையில் திருவூடல் தெருவில் சுவாமிக்கும் அம்மனுக்கும் ஊடல். சிவனை மட்டுமே வணங்கும் பிருங்கி முனிவருக்குக் காட்சி தரப் போகக்கூடாது என்று கோபித்து அம்மன் கோயிலுக்குத் திரும்பிக் கதவைச் சாத்திக்கொள்வார். சுவாமி அன்றிரவு வெளியே தங்கி, விடிந்ததும் கிரிவலம் போய், திரும்பி வந்து ஊடல் தீர்ப்பார். பொங்கல் விடுமுறையில் வரும் குடும்பங்களுக்கு இதைவிடப் பொருத்தமான விழா இல்லை. குழந்தைகளுக்கும் கதை சட்டென்று புரியும்.

தைப்பூசத்தன்று ஈசானியக் குளத்துக்கு மேளதாளத்தோடு போகும் சுவாமி, திரும்பும்போது மேளம் இல்லாமல் வருவார். பிள்ளையில்லாத வல்லாள மகாராஜா இறந்த செய்தி அங்கே வந்து சேர்வதாக ஐதீகம். மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டில் மகனாக நின்று அவருக்குத் திதி கொடுப்பார். சிவராத்திரி நள்ளிரவில் லிங்கோத்பவருக்கு அபிஷேகம், தாழம்பூ சாத்துவது அந்த இரவில் மட்டுமே. பங்குனி உத்திரத்தில் திருக்கல்யாணம், சித்திரையில் வசந்த உற்சவம், ஆடிப்பூரத்தில் கோயிலுக்குள்ளேயே தீமிதி. ஐப்பசிப் பௌர்ணமி அன்னாபிஷேகத்தன்று அன்னம் சாத்தும் பிற்பகலில் தரிசனம் நிறுத்தப்படும், மாலையில் போங்கள்.

கோயிலுக்குள்

நடை காலை 5.30 முதல் 12.30 வரை, மாலை 3.30 முதல் 9.30 வரை, விழா நாட்களில் மாறும். நான்கு திசைக்கும் பெரிய கோபுரம் இருப்பதால், கூட்டத்தில் ஒரு வாசலில் நுழைத்து இன்னொரு வாசலில் வெளியேற்றுவார்கள். கிழக்கே செருப்பை விட்டவர் மேற்கே பேய்க் கோபுரத்தில் வெளிவந்து, உச்சி வெயிலில் மாட வீதி முழுக்கச் சுற்றி வருவது தினமும் நடக்கிறது. செருப்பை அறையிலோ காரிலோ விட்டுவிடுங்கள்.

அர்ச்சனைக்குப் பெயர், நட்சத்திரம், ராசி கேட்பார்கள். வெளிநாட்டில் பிறந்த பிள்ளையின் நட்சத்திரத்தை அந்த ஊர் நேரப்படி கணித்து, எல்லோருடையதையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வையுங்கள். கருவறை முன் நின்று யோசிக்க நேரம் கிடைக்காது. தெரியாவிட்டால் சுவாமி பெயருக்கே செய்யச் சொல்லலாம்.

பூக்கடை, தேநீர்க்கடை எல்லாம் கைபேசியில் பணம் வாங்கும். வெளிநாட்டு எண்ணில் அது பெரும்பாலும் வேலை செய்யாது. பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்களாக இரண்டாயிரம் ரூபாய் கையில் இருக்கட்டும். விடுதியில் அசல் கடவுச்சீட்டும் விசா அல்லது ஓசிஐ (வெளிநாட்டு இந்தியக் குடிமக்கள்) அட்டையும் கேட்பார்கள், நகல் போதாது.

தீபத்துக்கு நெய் காணிக்கை செலுத்தினால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கொப்பரையில் சேரும் மை, மார்கழி ஆருத்ரா தரிசனத்தன்று நடராஜருக்குச் சாத்திய பின் பிரசாதமாகக் கிடைக்கும். அதற்குள் நீங்கள் ஊர் திரும்பிவிடுவீர்கள் என்றால், ரசீதை உள்ளூர் உறவினர் யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போங்கள்.